மகனின் அலமாரியில் இருந்த புத்தகம்

கேள்வி: எனக்கு 64 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடியால் கல்லீரல் கெட்டு என் கணவர் இறந்து இருபது வருடமாகிறது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, வெளியூரில் இருக்கும் மகனின் பழைய அலமாரியை ஒழித்தேன். கல்லூரி நாளில் அவன் வாங்கிய, அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவல் கிடைத்தது. பேய்க்கதை என்றாலே ஒதுக்குகிறவள் நான். சும்மா புரட்ட ஆரம்பித்துப் பத்து நாளில் முடித்துவிட்டேன். பேயை விட அந்த அப்பாதான் என்னை அழ வைத்தார். குடிபோதையில் அவர் பையனின் கையை முறித்துவிடும் இடத்தில், ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருக்கிறது. பொங்கலுக்கு மகன் மருமகளோடும் இரண்டு வயதுப் பேத்தியோடும் வருகிறான். நான் படித்ததை அவனிடம் சொல்லலாமா? ஆறின புண்ணைக் கிளறியதாகிவிடுமா? ராம நாமம் சொல்கிற வயதில் பேய்க்கதையா என்று அண்ணன் வேறு கேட்கிறார். இவருடைய புத்தகங்களில் அடுத்து எதைப் படிக்கலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, அண்ணன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ராம நாமமும் சொல்லுங்கள், கிங்கையும் படியுங்கள். ஒரு நாளில் இரண்டுக்கும் நேரம் இருக்கிறது. நானும் ஐம்பதைத் தாண்டித்தான் இவரைக் கையில் எடுத்தேன். அட்டைப்படத்தைப் பார்த்தே இத்தனை வருடம் ஒதுக்கிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நீங்கள் அழுதது எதற்கென்று எனக்குப் புரிகிறது. குளிர்காலத்துக்காக மூடிய ஹோட்டலைக் காவல் காக்க ஒரு குடும்பம் போய்த் தங்குகிற அந்த நாவலில், அப்பா ஜாக் கதையின் தொடக்கத்திலேயே குடியை விட்டிருக்கிறார். ஆனால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், தலைவலி மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் மெல்லுகிறார். இன்றைக்குக் குடித்திருப்பாரோ என்று மனைவி வெண்டி அவர் முகத்தையே பார்க்கிறாள். ஐந்து வயது மகன் டேனி, அப்பாவின் மனதில் அந்த ‘கெட்ட விஷயம்’ ஓடுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறான். ஹோட்டலின் பேய்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே அந்த வீட்டில் பயம் குடிவந்துவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் இன்றைக்கு எப்படி வருகிறாரோ என்று காது கொடுத்த வீடுகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபது வயதில் நீங்கள் படித்திருந்தால் அந்த ஹோட்டலில் பேய் இருக்கும் 217-ஆம் எண் அறைதான் நினைவில் நின்றிருக்கும்.

இதை எழுதியவரும் குடித்தவர்தான். 1974-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எஸ்டெஸ் பார்க் என்ற மலையூரில், குளிர்காலத்துக்காக மூடப்போகும் ஸ்டான்லி ஹோட்டலில் கிங்கும் மனைவி டபிதாவும் ஓர் இரவு தங்கினார்கள். மற்ற விருந்தாளிகள் எல்லாம் ஏறக்குறையக் கிளம்பிவிட்டிருந்தார்கள். தன் மூன்று வயது மகன் அந்தத் தாழ்வாரங்களில் அலறிக்கொண்டு ஓடுவதாகக் கனவு கண்டு விழித்தார். அந்தக் கனவிலிருந்து பிறந்து 1977-இல் வெளிவந்தது நாவல். தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்றே தெரியாமல் அதை எழுதியதாகப் பின்னாளில், தன் எழுத்து வாழ்க்கையைச் சொல்லும் ‘ஆன் ரைட்டிங்’ நூலில் ஒப்புக்கொள்கிறார். எண்பதுகளின் பிற்பகுதியில் டபிதா உறவினர்களையும் நண்பர்களையும் கூட்டிவைத்து, அவருடைய எழுத்தறையில் சேர்ந்ததையெல்லாம் ஒரு குப்பைப் பையிலிருந்து தரைவிரிப்பில் கொட்டினார். பீர் டப்பாக்கள், சிகரெட் துண்டுகள், கொக்கெயின், இருமல் மருந்துப் புட்டிகள், வாய் கொப்பளிக்கும் திரவப் புட்டிகள்கூட. நீங்களும் அப்படி எதையாவது செய்து பார்த்திருப்பீர்கள். கிங் மீண்டார், உங்கள் கணவர் மீளவில்லை. அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

இப்போது மகன் விஷயம். சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். சகோதரி, அது அவருடைய புத்தகம். நீங்கள் படிப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே, அநேகமாக அப்பா உயிரோடிருந்தபோதோ போன புதிதிலோ, அவர் அதைத் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். அந்தப் புண் ஆறிவிட்டதாக நீங்கள் நினைப்பதற்கு, அவர் பேசாமல் இருப்பது ஒன்றுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பென்சில் கோட்டை வைத்து அவர் மனதில் என்ன இருந்தது என்று நாம் முடிவு கட்டக் கூடாது. அதனால் கோட்டைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். “உன் அலமாரியில இருந்த புத்தகத்தைப் படிச்சேன்ப்பா. அப்பா ஞாபகம் வந்து அழுதுட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் கூட்டம் இருக்கும்போது வேண்டாம். பேத்தி தூங்கிய பிறகு, நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். அவர் பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், துரத்தாதீர்கள். அன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் அவரே வரலாம். வந்தால், அவர் சொல்வதில் உங்கள் மேல் கோபமும் இருக்கக்கூடும். ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே போகவில்லை என்று கேட்டாலும் கேட்பார். உடனே காரணம் சொல்ல ஆரம்பிக்காமல், முழுவதையும் கேளுங்கள்.

அடுத்து என்ன படிப்பது? அறுபதுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் அவர், வரிசையாகப் படிக்க அவசியமே இல்லை. ‘பெட் செமட்டரி’யை மட்டும் இப்போது தொடாதீர்கள். மெய்ன் மாநிலத்தில் ஆரிங்டன் என்ற ஊரில், லாரிகள் பறக்கும் சாலையோரத்தில் கிங் குடியிருந்தபோது, மகளின் பூனை அடிபட்டுச் செத்தது. சின்ன மகனும் ஒருநாள் அந்தச் சாலையை நோக்கி ஓடியிருக்கிறான். அதிலிருந்து எழுந்த கதை. இவ்வளவு கொடூரமாக இருக்கிறதே என்று அவரே எழுதி முடித்து ஒதுக்கி வைத்திருந்தார், 1983-இல்தான் வெளிவந்தது. இரண்டு வயதுப் பேத்தி வரப்போகும் வீட்டில் அது வேண்டாம். பேயே இல்லாத கிங் வேண்டுமென்றால் 1982-இல் வந்த ‘டிஃபரன்ட் சீசன்ஸ்’ தொகுப்பில் முதல் குறுநாவல், ஷாஷாங்க் என்ற சிறையில் நடக்கும் கதை. அதை ஒரு வாரத்தில் படித்துவிடுவீர்கள். அவருடைய மற்ற கதைகள் இரவில் பயமாக இருந்தால் மதியத்தில் படியுங்கள்.

ஆனால் உங்களுக்கென்று நான் எடுத்து வைப்பது ‘டாக்டர் ஸ்லீப்’. 2013-இல் வெளிவந்தது. ‘தி ஷைனிங்’கின் அந்தக் குட்டி டேனி வளர்ந்து, அப்பாவைப் போலவே குடித்து, விழுந்து, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்களுக்குப் போய், ஒவ்வொரு நாளாக மீள்கிற கதை. சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை பார்க்கிறான், கடைசி நேரத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஐந்நூறு பக்கம் இருக்கும். இன்றைக்கே வாங்கிவிடுங்கள். பொங்கலுக்குள் முடியாவிட்டால், மீதிக் கதை என்ன என்று மகனிடமே கேளுங்கள், அவர் படித்திருக்கலாம்.