தட்டு தானாக நிமிரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தட்டை வீசிக் கூடையில் சேர்க்கும் டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. நான் வலக்கைக்காரன், பெரும்பாலும் பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கைப் பக்கமாக, வீசுகிறேன். இரண்டு மாதமாக ஹைசர் ஃபிளிப் வீச்சைக் கற்க முயல்கிறேன். தட்டை இடப்பக்கம் சாய்த்து வீசினால் அது காற்றில் நிமிர்ந்து நேராகப் போகும் என்கிறார்கள். எனக்கு அப்படி நடப்பதே இல்லை. கொஞ்சமாகச் சாய்த்தால் தட்டு வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் மோதுகிறது. அதிகமாகச் சாய்த்தால் நிமிராமலே மேலே ஏறி, இடப்பக்கம் சரிந்து விழுகிறது. என்னிடம் இருக்கும் லெப்பர்ட், சைட்வைண்டர் என்ற இரண்டு வகைத் தட்டுகளிலும் இதே கதைதான். கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி நிமிர்த்தவும் பார்த்துவிட்டேன். குறை தட்டிலா, கையிலா? லெப்பர்ட் பழையது, விளிம்பெல்லாம் தேய்ந்துவிட்டது. அதை யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமா?

க.

அன்புள்ள க.,

மணிக்கட்டைத் திருப்புவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியவற்றில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது அதுதான். இந்த வீச்சில் நிமிர்வது தட்டின் வேலை. சாய்த்து, வேகமாக, தள்ளாடாமல் விடுவதோடு உங்கள் வேலை முடிந்தது. தட்டு செய்ய வேண்டியதைக் கை செய்யப் போனால் இரண்டும் சேர்ந்து தட்டைக் கவிழ்த்துவிடும். நீங்கள் சொல்லும் வலப்பக்கக் கவிழ்ப்பில் பாதி இப்படி வந்ததாகவே இருக்க வேண்டும்.

தட்டு ஏன் தானாக நிமிர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்தால் கை தானாகவே அடங்கும். நீங்கள் வீசும் தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் போகும் திசையில் சுழல்கிறது. அது விரைந்து போகும்போது காற்றின் தூக்குவிசை தட்டின் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் செயல்படுகிறது. சுழலாத தட்டாக இருந்தால் மூக்கு, அதாவது முன்விளிம்பு, கீழே குத்திக்கொள்ளும். சுழலும் பொருள் அப்படிப் பணிவதில்லை. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளிய பக்கம் விழாமல் குறுக்கே வேறொரு பக்கம் சாயும். அதேபோல மூக்கைக் கீழே அழுத்தும் விசை உங்கள் தட்டை வலப்பக்கம் சாய்க்கிறது. ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்து கிளம்பிய தட்டு வலப்பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? நிமிரும். ஹைசர் ஃபிளிப் என்பது இவ்வளவுதான். பிறகு வேகம் தணிந்து தட்டு இறங்கத் தொடங்கும்போது தூக்குவிசை நடுவுக்கு முன்னால் நகர்ந்துவிடுகிறது. உடனே சாய்வும் இடப்பக்கமாக மாறுகிறது. முதலாவது டர்ன், பின்னது ஃபேட். இடக்கைக்காரர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "நிமிராமலே மேலே ஏறி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "மேலே ஏறி"யில்தான் விடை இருக்கிறது. அதிகமாகச் சாய்க்கும்போது நீங்கள் கையை மட்டும் சாய்க்கிறீர்கள். கை மட்டும் சாய்ந்தால் தட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். மூக்கு தூக்கிய தட்டில் தூக்குவிசை முதலிலேயே முன்னால் வந்துவிடுகிறது. டர்ன் பிறக்கவே இடமில்லை. மேலே ஏறும், வேகம் இழக்கும், இடப்பக்கம் சரியும். எவ்வளவு பலமாக வீசினாலும் அது நிமிராது. நானும் ஒரு பருவம் முழுக்க இதைக் கைப்பலக் குறைவு என்றே நம்பி, தோள் வலிக்க வீசிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் கைப்பேசியை வைத்துப் படம் எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது: என் தட்டு வானத்தைப் பார்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தது.

ஆகவே சாய்வு இடுப்பிலிருந்து வரட்டும். இடுப்பில் மடங்கி உடலை முன்னால் சாயுங்கள். கை முதுகெலும்புக்குச் செங்குத்தாக வீசும் தளத்திலேயே இருக்கட்டும். அப்போது உடல் சாய்ந்த அளவுக்குத் தட்டும் சாயும், கை தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூக்கைத் தாழ்த்த, கையைப் பின்னால் நீட்டும்போது சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல மணிக்கட்டைக் கீழ்நோக்கி வளைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் தட்டின் மேற்பரப்பை உறுதியாக அழுத்தட்டும். மணிக்கட்டைத் திருப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வளைக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். இந்த வளைவு வீசுவதற்கு முன்பே அமைத்துக்கொண்டு இறுதிவரை மாறாமல் வைத்திருக்க வேண்டியது. நீங்கள் செய்வது விடும் நொடியில் நடக்கும் புரட்டல். அந்தப் புரட்டல் தட்டைத் தள்ளாட வைக்கும். கையை விட்டதும் தட்டு நடுங்கினால், அந்த வீச்சு வலப்பக்கம் போனதை டர்ன் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

தட்டுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தட்டு எப்படிப் பறக்கும் என்று காட்டும் எண்கள் லெப்பர்டுக்கு 6, 5, −2, 1. சைட்வைண்டருக்கு 9, 5, −3, 1. வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட் என்பது வரிசை. டர்ன் −3 என்று இருப்பதால் சைட்வைண்டர்தான் எளிதில் நிமிரும் என்று தோன்றும். ஆனால் அந்த −3, தட்டின் 9 என்ற வேகத்துக்கு ஈடாக வீசும் கைக்கு மட்டுமே கிடைக்கும். கற்கும் காலத்தில் லெப்பர்ட்தான் உங்களுக்குத் துணை. அதை முதலில் சாய்க்காமல், தட்டையாக, உங்கள் இயல்பான வேகத்தில் பத்து முறை வீசுங்கள். வலப்பக்கம் திரும்பவே இல்லை என்றால் மூக்கையும் வேகத்தையும் சரிசெய்த பிறகுதான் சாய்வைப் பற்றி யோசிக்க வேண்டும். திரும்புகிறது என்றால் 10 பாகை சாய்த்துத் தொடங்குங்கள். கவிழ்ந்தால் இன்னும் கொஞ்சம் சாயுங்கள். நிமிராமல் போனால் சாய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை மட்டும் மாற்றாதீர்கள். சாய்வும் வேகமும் ஒருங்கே மாறினால் எது எதனால் நடந்தது என்று கடைசிவரை தெரியாது.

காற்று அடங்கிய வேளையில் பழகுங்கள். எதிர்காற்று டர்னைக் கூட்டிக் காட்டும், பின்காற்று குறைத்துக் காட்டும். இரண்டுமே ஆரம்பத்தில் ஏமாற்றும்.

நண்பர்கள் யாராவது, தட்டையாக வீசினால் போதாதா என்று கேட்டிருப்பார்கள். மரங்களுக்கு நடுவே நீண்ட குறுகிய வழி ஒன்றில் இந்த வீச்சு சரியாக அமைந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சாய்ந்து கிளம்பிய தட்டு மெல்ல நிமிர்ந்து, இருபுறமும் மரங்களைத் தொடாமல், அதிக உயரம் ஏறாமல் மிதந்துகொண்டே போகும். எத்தனை ஆண்டு ஆடினாலும் எனக்கு அந்த நிமிர்வைப் பார்க்க அலுக்கவில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நிமிரும்வரை தட்டு சற்று இடப்பக்கமாக நகரும். அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டுக் குறிவையுங்கள்.

லெப்பர்டைக் கொடுத்துவிடாதீர்கள். மரத்திலும் தரையிலும் மோதி மோதித் தேய்ந்த தட்டுக்கு டர்ன் கூடிக்கொண்டே போகும். புதிய தட்டு அந்தக் குணத்துக்கு வர மாதங்கள் ஆகும். நீங்கள் தேடும் நிமிர்வு கடையில் இருக்கும் புதிய தட்டைவிட அதில்தான் முதலில் கிடைக்கும். பக்கவாட்டிலிருந்து ஒரு படம், பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மூக்கு எங்கே பார்க்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்