45,000 ரூபாய்க்கு மூன்று லிட்டர்

கேள்வி: என் 125 சிசி வண்டி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. 200 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டு, ரிசர்வ் சிமிட்டும் வரை ஓட்டிப் பார்த்தேன், லிட்டருக்கு 52தான் வருகிறது. கூட வேலை பார்ப்பவரின் 100 சிசி வண்டி 65 தருகிறதாம். என் வண்டியைக் கொடுத்துவிட்டு, மேலே 45,000 ரூபாய் போட்டு அதையே வாங்கலாம் என்றிருக்கிறேன். பல்லடத்திலிருந்து திருப்பூர் போய்வர தினம் 30 கி.மீ., காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவதும் அதில் அடக்கம். எந்த வண்டி எவ்வளவு மைலேஜ் தரும் என்று ஒரு பட்டியல் போடுங்களேன்.
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: பட்டியல் போட மாட்டேன். அதை நம்பி நீங்கள் 45,000 ரூபாயை எடுத்துவிடுவீர்கள் என்ற பயம்தான் காரணம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். மாதம் 26 நாள் வேலை என்றால் 780 கி.மீ. உங்கள் வண்டிக்கு 15 லிட்டர் ஆகும், நண்பர் வண்டிக்கு 12 லிட்டர். மிச்சம் 3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 300 ரூபாய். போட்ட 45,000 திரும்பி வர 150 மாதம், அதாவது பன்னிரண்டரை வருடம் ஆகும். மைலேஜ் என்ற எண் இப்படித்தான் ஏமாற்றும். 30 தரும் வண்டியை விட்டு 40 தரும் வண்டிக்கு மாறினால் 100 கி.மீ.க்கு முக்கால் லிட்டருக்கு மேல் மிச்சமாகும். 60-லிருந்து 70-க்குப் போனால் கால் லிட்டர்கூட மிச்சமாகாது. இரண்டுக்கும் வித்தியாசம் அதே பத்துதானே என்று தோன்றும், ஆனால் பையிலிருந்து போகும் காசு வேறு. அதனால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல், மாதத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

இவ்வளவும் அந்த 65 சரி என்று வைத்துப் போட்ட கணக்கு. அவர் தனியாக வருகிறாரா, எந்த வேகத்தில் வருகிறார், எப்படி அளந்தார் என்று ஒன்றுமே உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் அளந்த முறையும் சரியில்லை. பழைய கார்புரேட்டர் வண்டியில் ரிசர்வுக்கு ஒரு திருகு இருந்தது, டேங்கில் பெட்ரோல் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்துக்கு இறங்கினால்தான் வண்டி தடுமாறும். உங்கள் வண்டியில் சிமிட்டுவது, டேங்குக்குள் பெட்ரோல்மேல் மிதக்கும் மிதவை சொல்லும் சேதி. மேடு பள்ளத்தில் அது முன்னே பின்னே ஆகும். இரண்டு லிட்டர் போட்டு அளக்கும்போது கால் லிட்டர் பிசகினாலே உங்கள் 52 என்பது 46 ஆகவோ 59 ஆகவோ இருக்கலாம்.

விளம்பரத்தில் வரும் எண் சோதனைக்கூடத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி அளந்தது. முன்பு நம் நாட்டில் புழங்கிய சோதனை ஓட்டத்தில் உச்ச வேகமே மணிக்கு 42 கி.மீ.தான். பல்லடம் சாலையில் அந்த வேகத்தில் யார் போகிறார்கள்? பிஎஸ் 6 (2020 ஏப்ரலில் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளுக்குச் சோதனையே வேறு. அதனால் பழைய மாடலின் எண்ணையும் புது மாடலின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு.

சரி, என்ன செய்யலாம்? வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். எங்கும் பிடிக்காமல் தாராளமாகச் சுற்ற வேண்டும். என் வண்டி ஒருமுறை சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து 40-ஐத் தாண்டவே இல்லை. சுற்றிப் பார்த்தால் சக்கரம் அரைச் சுற்றில் 'சர்ர்' என்று நின்றது. மெக்கானிக் பின் பிரேக்கை இறுக்கி வைத்திருந்தார். பிரேக் ராடு முனையில் இருக்கும் நட்டை இரண்டு திருகு தளர்த்தியதும், அடுத்த டேங்கிலேயே பழையபடி 50 வந்தது. அப்புறம் காற்று. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அளவு வேறு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். செயின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துப் பிடியுங்கள்.

இது முடிந்ததும் நண்பரோடு இரண்டு வாரம் வண்டியை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே பெட்ரோல் பங்கில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். இரண்டு வாரம் கழித்து அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, பிடித்த லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வண்டி உங்கள் கையில், மகளும் பின்னால் இருக்கும்போது எவ்வளவு தருகிறது, உங்கள் வண்டி அவர் கையில் எவ்வளவு தருகிறது என்று இரண்டையும் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன். அதுவரை ஷோரூம் பக்கம் போக வேண்டாம்.