மட்டக்களப்புத் தோட்டத்தில் கண்ட புள்ளி நத்தை, பாதுகாக்கப்பட்ட கெரி நத்தையா?

மாரியில் மரவள்ளிப் பாத்தியில் ஊர்ந்த ஓடில்லா நத்தை கெரி நத்தையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கெரி நத்தை (ஜியோமலாக்கஸ் மாகுலோசஸ்) வாழ்வது அயர்லாந்தின் தென்மேற்கிலும், ஸ்பெயினின் வடமேற்கிலும், போர்த்துக்கலின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் மட்டுமே. அயர்லாந்தில் கெரி, கோர்க் பகுதிகளுக்கு வெளியே, 2010இல் கால்வேயின் ஊசியிலைத் தோட்டக்காடொன்றிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

அதற்கு வேண்டியது மழை மட்டுமல்ல. உணவே பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன், பாசி, ஈரலுருத் தாவரங்கள்தான். ஆகவே ஓக் காடும், மணற்கல் பாறை துருத்தி நிற்கும் சதுப்புவெளியும் அதன் வீடு. பகலில் வெடிப்புகளில் ஒடுங்கும். இரவிலும் மழைநேரத்திலும் வெளிவரும். காட்டில் பழுப்பு உடலில் பொன்நிறப் புள்ளி, திறந்தவெளியில் கருஞ்சாம்பல் உடலில் வெள்ளைப் புள்ளி. நிறத்தை மட்டும் நம்பினால் ஒரே இனத்தை இரண்டாக எண்ணிவிடுவோம். குடும்பிமலையிலும் பாறை உண்டுதான், ஆனால் நம் நீண்ட கோடை அதற்குச் சரிவராது.

பிரித்தறிய, குச்சியால் மெல்லத் தொடுங்கள். கெரி நத்தை பந்துபோல் சுருளும். அதன் முதுகின் முன்பகுதியில் மட்டும் ஒரு கவசம் (தோல்மடிப்பு), வலப்பக்கம் மூச்சுத்துளை. தட்டையாக, தோல்போல, முதுகு முழுதும் ஒரே மூடியாகத் தெரிந்தால் நம் தோட்டத்து வகை. வெறுங்கையால் தொட வேண்டாம். மனிதருக்கும் நோய் தரும் ஒட்டுண்ணியான எலி நுரையீரல் புழு அதில் இருக்கலாம். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பச்சைக் கீரையையும் நன்றாக அலசுங்கள்.