சம்பந்தமில்லாத கேள்வி

கேள்வி: எனக்கு வயது 68. ஓய்வு பெற்ற அரசு ஊழியன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனைவியுடன் இருக்கிறேன். தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து, நாட்டு நடப்பு, உலக நடப்பு எல்லாவற்றையும் படித்துத் தொகுத்து, ஏழு மணிக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். மூன்று வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. குடும்பம், மரபு, தேசம் இவற்றைக் காக்கும் பக்கம் நின்று எழுதுகிறேன். மாதிரிக்கு ஒன்றை இணைத்துள்ளேன். மருமகள் குழுவை விட்டே போய்விட்டாள். ஓசூரில் இருக்கும் மகன் எதற்கும் பதில் போடுவதில்லை. பொது சிவில் சட்டம் பற்றி விரிவாக எழுதிய அன்றுகூட, சம்பந்தமில்லாமல் ‘அம்மா கண்ணு என்னாச்சுப்பா?’ என்று கேட்கிறான். முழுதாகக் கேட்பவள் என் மனைவிதான். இரண்டு கண்ணிலும் புரை என்பதால் நானே சத்தமாகப் படித்துக் காட்டுவேன். குடும்பப் பொறுப்பை இந்தத் தலைமுறைக்கு எப்படி உணர்த்துவது?

பதில்: ஐயா, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் நாலைந்து வருகிறது. பிள்ளைகள் காலம் அப்படி, நீங்கள் செய்வதைச் செய்யுங்கள், ஒருநாள் புரிந்துகொள்வார்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ‘சம்பந்தமில்லாமல்’ என்ற சொல்.

நீங்கள் இணைத்திருந்த தொகுப்பை முழுக்கப் படித்தேன். ஜனவரி 28, 2025 காலையில் போட்டது. முந்தின நாள் உத்தராகண்டில் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்த செய்திதான் முதலில். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்பது, பழங்குடியினருக்கு விலக்கு உண்டு என்பது, எதையும் விடவில்லை. அப்புறம் அமெரிக்கா. ஆண், பெண் என இரண்டே பாலினம்தான் என்று பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் போட்ட உத்தரவு. அப்புறம் வடக்கு காசாவுக்கு நடந்தே திரும்பிய ஜனங்கள், ஒரே நாளில் ஏறக்குறைய 60,000 கோடி டாலர் மதிப்பை இழந்த, கணினிச் சிப் செய்யும் என்விடியா கம்பெனியின் பங்கு. நல்ல உழைப்பு. தலைப்பை மட்டும் பார்த்து எழுதுகிறவர் இல்லை நீங்கள். கொள்கையிலும் நமக்குள் சண்டை கிடையாது. கல்யாணத்துக்கு ஒரு பதிவும் பொறுப்பும் வேண்டும், குடும்பம் ஆட்டம் கண்டால் நாடு நிற்காது என்பதில் நானும் உங்கள் கட்சிதான்.

அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. குடும்பத்தைக் காக்க வேண்டும் என்று தினம் எழுதுகிறவருக்கு, பெற்ற தாயின் கண்ணைப் பற்றி மகன் கேட்பது சம்பந்தமில்லாத பேச்சாகப் பட்டிருக்கிறது. பொறுப்பு என்றால் என்ன என்று அவனுக்கு எப்படி உணர்த்துவது என்கிறீர்கள். அவன் உணர்ந்துதானே கேட்டிருக்கிறான்? அதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. போட்டிருக்க மாட்டீர்கள்.

என் மாமியாருக்குப் புரை இருந்தபோது எங்கள் வீட்டிலும் இதே லட்சணம்தான். டம்ளரில் காபி ஊற்றும்போது ஆள்காட்டி விரல் நுனியை உள்ளே விட்டுக்கொள்வார், எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிய. விரல் சுட்டதும் முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த டம்ளரை எடுப்பார். கடுகையும் சீரகத்தையும் மோந்து பார்த்துத்தான் போடுவார். அரிசியில் கல்லை விரலால் தடவித் தேடுவார். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த விரல் நுனி தடித்துப் போயிருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் பார்த்தேன். இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது. நாளைக் காலை காபி வாங்கும்போது உங்கள் மனைவியின் கையைப் பாருங்கள்.

முழுதாகக் கேட்பவள் அவள் ஒருத்திதான் என்கிறீர்கள். இருட்டிப்போன கண்ணோடு இருக்கிற ஒருத்தி, புருஷன் குரல் பக்கத்தில் கேட்கிறதே என்று உட்கார்ந்திருப்பாள் ஐயா. அது காசாவைத் தெரிந்துகொள்வதற்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

செய்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கரையில் பிறந்த யாரும் சொல்ல மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு சொல் வந்து சேர்ந்திருந்தால் தேவனாம்பட்டினத்தில் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்! செய்தியின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. வீட்டு வாசலுக்கு வருகிற ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதுதான் பெரியவர்களின் வேலை. உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்ட ஒன்று உங்கள் தொகுப்பில் ஒரு நாளும் இடம்பெறவில்லை.

‘முற்றட்டும், பிறகு எடுக்கலாம்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அது பழைய காலத்துப் பேச்சு. இப்போது அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. ரொம்பவும் முற்றவிட்டால் அறுவை சிகிச்சைதான் சிக்கலாகும். அரசு தலைமை மருத்துவமனை உங்கள் மஞ்சக்குப்பத்திலேயே இருக்கிறது. இல்லையென்றால் புதுச்சேரி பஸ் ஏறித் தவளக்குப்பத்தில் இறங்குங்கள், அரவிந்த் கண் மருத்துவமனை மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அரை மணி நேரத்துக்குள் முடிகிற சிகிச்சை. ஒரு கண் முடிந்து, கொஞ்ச நாள் விட்டு அடுத்த கண். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முதலில் பார்ப்பார்கள், பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போங்கள்.

உங்கள் மகனையும் நான் விடப் போவதில்லை. ஒரு தடவை கேட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். கேள்வி கேட்டதோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடாது. அவன் கடிதம் எழுதியிருந்தால் இதைவிடக் கடுமையாகவே சொல்லியிருப்பேன். ஆனால் எழுதியது நீங்கள், கைப்பிடித்ததும் நீங்கள்.

நாளைக்குத் தொகுப்பு வேண்டாம். குழுவில் இவ்வளவு போட்டால் போதும்: ‘அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். நீ எப்போது வருகிறாய்?’ மருமகளுக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள். தட்டச்சு செய்யாமல் உங்கள் குரலில் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு அப்புறம் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து உண்டு. முதலில் ஒரு நாளைக்குப் பல முறை, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். ஒரு வேளையும் விடக்கூடாது. அவர் அடுப்புப் பக்கம் போகாத நாட்களில் சமையலும் உங்களுடையது. நாலு மணிக்கு எழுந்திருக்கிற பழக்கம்தான் உங்களுக்கு இருக்கிறதே. உலை வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அவர் எழுந்ததும் முதல் சொட்டு விடுங்கள்.