மாட வீதிப் படங்களில் கருப்புக் கோடுகள்

மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளை இரவில் எடுத்த படங்களில் கருப்புக் கோடுகள் விழுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்குக் குறையுங்கள். அந்தக் கோடுகள் பெரும்பாலும் போய்விடும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கச்சேரி கேட்டுவிட்டு அப்படியே தனியாக நடக்கக் கிளம்பினேன் என்கிறீர்கள். சபாவில் சத்தம் வராமலிருக்கப் போட்ட சைலன்ட் ஷட்டரை (திரை அசையாமல் மின்னணு முறையில் படமெடுப்பது) மாற்ற மறந்திருப்பீர்கள். அது காட்சியை வரிவரியாகப் படிக்கும். விளக்கு மங்கும் கணத்தில் படித்த வரிகள் கருத்துவிடும். 1/100 நொடி வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு மினுக்கலின் ஒளி கிடைத்துவிடும்.

ஒரே பூக்கடையை சைலன்ட் ஷட்டரில் 1/500, 1/100 என இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். அப்புறம் திரை அசைந்து சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டரில் ஒன்று. எதில் கோடு விழுகிறது என்று ஒப்பிடுங்கள்.

1/100இல் நடந்துகொண்டே எடுத்தால் படம் கலங்கும், நின்று எடுங்கள். தனியாகச் சுற்றுவதில் அதுதானே சுகம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மேடையில் வைக்கும் எல்இடி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராமல் போகலாம்.