கப்பலில் ஏற்கெனவே சாப்பாடு உண்டு; பிறகு ஏன் தனிக் கட்டணம்?

வாசகர் கடிதம்

ஐயாவுக்கு வணக்கம்.

வரும் ஜனவரியில் டர்பனிலிருந்து மொசாம்பிக் கரைவரை நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், அம்மா, 11 வயது மகள், 4 வயது மகன். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், "ஸ்பெஷாலிட்டி உணவகங்களுக்கு மூன்று வேளை பேக்கேஜ் இருக்கிறது, இப்போதே வாங்கிவிடுங்கள், கப்பலில் விலை கூடும்" என்கிறார். டிக்கெட்டிலேயே சாப்பாடு சேர்ந்திருக்கும்போது மேலே காசு கொடுப்பது தேவைதானா? அம்மா சுத்த சைவம். நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை. ஆடு, கோழி, மீன், இறால் சாப்பிடுவோம். கப்பல் சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள்.

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வேளை பேக்கேஜ் உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். ஒரே ஒரு இரவு, நீங்களும் கணவரும் மட்டும், கடலுணவுக்காகப் போங்கள். அம்மாவுக்குக் காசில்லாத சாப்பாட்டு அறையில்தான் நல்ல சாப்பாடு கிடைக்கும், கேட்க வேண்டிய விதத்தில் கேட்டால்.

காரணம் சமையலறையில் இருக்கிறது. டர்பனிலிருந்து போய்வந்திருக்கும் எம்.எஸ்.சி. மியூசிகா போன்ற கப்பலில் அறைக்கு இருவர் என்று வைத்தாலே சுமார் 2,500 பயணிகள். பெரிய சாப்பாட்டு அறையில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டு பந்தி. ஒரு பந்தியில் பல நூறு பேருக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் தட்டு போக வேண்டும். அங்கே யாருக்கும் தனியாக அடுப்பில் ஏற்றிச் சமைக்க முடியாது. முன்கூட்டியே பாதி வேகவைத்து, ஓவனில் முடித்து, சூட்டுப் பெட்டியில் வைத்துப் பரிமாறுவார்கள். தனிக் கட்டணம் வாங்கும் ஸ்பெஷாலிட்டி உணவகம் சிறியது. உங்கள் ஆர்டர் உள்ளே போன பிறகே உங்கள் துண்டு அடுப்பில் ஏறும். நீங்கள் மேலே கொடுக்கும் காசில் பெரும்பகுதி, சாப்பாடு சூட்டுப் பெட்டியில் காத்திருப்பதை இல்லாமல் ஆக்குவதற்கான விலை. மேசைத் துணியும் மெழுகுவர்த்தியும் பிறகுதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பண்டம் சூட்டுப் பெட்டியில் காத்திருந்தால் கெடுமா, கெடாதா?

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சாம்பார், பருப்பு, ஆட்டுக்கறிக் குழம்பு எதுவும் அரை மணி காத்திருந்தால் கெட்டுப்போகாது. இவற்றுக்குக் கப்பலில் தனிக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. இறால் அப்படியல்ல. கூடுதலாக இரண்டு நிமிடம் சூட்டில் இருந்தாலே ரப்பர். மீன் துண்டும் உலர்ந்துவிடும். நண்டு வகையில் லாப்ஸ்டர் இன்னும் மோசம். பிரெஞ்சு உணவகத்து சூஃப்லே (முட்டை நுரையில் உப்பி வரும் பண்டம்) அடுப்பிலிருந்து இறங்கிய சில நிமிடத்தில் அமுங்கிப்போகும். காசுக்கு மதிப்பு இவற்றில்தான்.

ஸ்டேக் ஹவுஸ், அதாவது தடித்த இறைச்சித் துண்டுகளைச் சுட்டுத் தரும் உணவகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் கப்பலிலும் முதலில் விற்கப்படுவது அதுதான். மீடியம் ரேர் என்பது உள்ளே சிவப்பு மாறாத பதம்; இறைச்சியின் உட்புறம் சுமார் 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களுக்கான சுகாதார விதி, சூடாக வைத்திருக்கும் உணவு 57 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. அதாவது சூட்டுப் பெட்டியில் வைத்த உடனேயே மீடியம் ரேர் தன் எல்லையைத் தாண்டத் தொடங்கிவிடுகிறது. பெரிய சாப்பாட்டு அறை ஸ்டேக் நீங்கள் சொன்னதைவிட ஒரு படி அதிகமாக வெந்து வருவதற்கு இதுவே காரணம். சமையல்காரர் கைத்திறனில் குறை இல்லை. சரி, நீங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை. ஸ்டேக் ஹவுஸில் ஆட்டு விலாத் துண்டு, மீன், லாப்ஸ்டர் இருக்கும். ஆனால் அங்கே ஒரே கட்டணம் என்றால் அந்தத் தொகை மாட்டிறைச்சியின் விலையை வைத்துப் போடப்பட்டது. கோழி சாப்பிட்டாலும் அதே காசு. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்டுத் துண்டு உள்ளே சிவப்புத் தெரியாமல் நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்பவராக இருந்தால், ஸ்டேக் ஹவுஸ் காசு வீண். நன்றாக வேகவைத்த துண்டுக்கு இரண்டு சமையலறைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நம் ஊர் பிராய் (கரி நெருப்பில் சுடும் இறைச்சி) ருசியையும் எதிர்பார்க்காதீர்கள். தீ விபத்துப் பயத்தால் கப்பல் சமையலறைகளில் பெரும்பாலும் மின் அடுப்புதான். கரி நெருப்பின் புகைவாசனை வராது.

தெப்பன்யாக்கி, அதாவது உங்கள் எதிரிலேயே சூடான இரும்புக் கல்லில் சமைத்துத் தரும் ஜப்பானிய உணவகம், இந்தக் கணக்கில் நன்றாகத் தேறும். கல்லுக்கும் உங்கள் தட்டுக்கும் ஒரு முழம்தான் தூரம். இறால் வெந்த நொடியில் தட்டில் விழும். சமையல்காரர் கரண்டியைச் சுழற்றுவதைப் பார்க்க உங்கள் மகளுக்கும் பிடிக்கும். ஆனால் அதே கல்லில்தான் மாட்டிறைச்சியும் வேகும். பக்கத்து இருக்கைக்காரர் மாட்டிறைச்சி கேட்டிருந்தால் அதன் கொழுப்பு உங்கள் சோற்றிலும் காய்கறியிலும் சேரும். முன்பதிவு செய்யும்போதே சொல்லி, உள்ளே சமையலறையில் தனிச் சட்டியில் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். அம்மாவை அங்கே அழைத்துப் போகவே வேண்டாம்.

சுஷி கவுன்டர்களில் பெரும்பாலும் தட்டுக்குத் தட்டு விலை. வயிறு நிறையச் சாப்பிட்டால் பில் ஏறிக்கொண்டே போகும். மகள் ருசி பார்க்க ஒரு தட்டு போதும். "உறைந்த மீன்தானே" என்று யாராவது முகம் சுளித்தால் பொருட்படுத்தாதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைப்பது ஒட்டுண்ணிகளைக் கொல்வதற்கான முறை. அது குறையல்ல, பாதுகாப்பு. எம்.எஸ்.சி. கப்பலில் இத்தாலிய உணவகம் இருந்தால் கடந்து போய்விடலாம், அது இத்தாலிய வேர் கொண்ட கம்பெனி, பெரிய சாப்பாட்டு அறையிலேயே பாஸ்தா வரும். பிரிட்டனின் பி அண்ட் ஓ கப்பல்கள் சிலவற்றில் சிந்து என்று ஒரு இந்திய உணவகம் உண்டு, அதற்கும் தனிக் கட்டணம். என்றாவது அந்தக் கப்பலில் போனால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். சாட்ஸ்வொர்த் வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது தேவைப்படாது.

இப்போது காசு. பெரிய கம்பெனிகளின் ஸ்டேக் ஹவுஸ் வகை உணவகங்களில் ஆளுக்கு 50 முதல் 80 டாலர் வரை பார்க்கலாம். 60 டாலர் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு 120. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ்: ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் 18 சதவீதம், நார்வேஜியனில் 20. 18 சதவீதம் என்றால் 141 டாலர் 60 சென்ட். குடிப்பதற்கு வாங்குவது தனி. உங்கள் டிக்கெட்டில் அந்த இரவுச் சாப்பாட்டுக்கு ஏற்கெனவே காசு கட்டியாயிற்று என்பதையும் மறக்க வேண்டாம். 1912-இல் டைட்டானிக் கப்பலிலேயே தனிக் கட்டண உணவகம் இருந்தது. பயணம் முழுவதும் அங்கேயே சாப்பிடுவேன் என்று முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு டிக்கெட் விலையில் ஒரு பகுதியைக் கழித்தார்கள். இன்று யாரும் அப்படிக் கழிப்பதில்லை. எனவே அந்த 60 டாலர், இலவசத் தட்டுக்கும் இந்தத் தட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு மட்டும் கொடுக்கும் விலை. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்கிறதா என்று அப்படித்தான் எடைபோட வேண்டும்.

பேக்கேஜை ஏன் வேண்டாம் என்றேன் என்பதை உங்கள் நான்கு இரவுகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும். முதல் இரவு கப்பல் டர்பனை விட்டு வடக்கே ஏறும். அகுல்ஹாஸ் நீரோட்டம் எதிரே தெற்கு நோக்கி ஓடி வருகிறது. தென்மேற்குக் காற்று அதை எதிர்த்து வீசும் நாளில் அலை செங்குத்தாக எழும்பும். கடலுக்குப் பழகாத வயிறு அன்று காசு கொடுத்த சாப்பாட்டை ஏற்காது. ஸ்பெஷாலிட்டி உணவகங்கள் பல கப்பல்களில் மேல் தளங்களில் இருக்கின்றன. மேலே போகப் போக ஆட்டம் அதிகம். முதல் இரவுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று கப்பலேறிய மதியம் ஆள் நின்று கூவுவார்கள். அலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொரு இரவு காலா இரவு: எல்லோரும் நல்ல உடை உடுத்தி வரும் அன்று பெரிய சாப்பாட்டு அறையின் மெனுதான் பயணத்திலேயே சிறந்தது. அன்று வேறெங்கும் போக வேண்டாம். கடைசி இரவு பெட்டி கட்டி, நள்ளிரவுக்குள் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். இரண்டு குழந்தைகளோடு இரண்டு மணி நேரச் சாப்பாடு அன்று இடைஞ்சல். மிச்சம் ஒரு இரவு. மூன்று வேளைக்குக் காசு கட்டி என்ன செய்வது?

ஏழு இரவோ அதற்கு மேலோ, கடலிலேயே கழியும் பகல்கள் நிறைய உள்ள பயணமென்றால் கணக்கு வேறு. பேக்கேஜ் தொகையை, நீங்கள் உண்மையாகப் போகப்போகும் வேளைகளால் வகுத்துப் பாருங்கள். தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைந்தால் வாங்கலாம். சில பேக்கேஜ்களில் முழு மெனு கிடைக்காது. ஒரு தொடக்கம், ஒரு முக்கிய உணவு, ஓர் இனிப்பு என்று வரையறை இருக்கும், லாப்ஸ்டருக்குத் தனியாகக் கூட்டிக் கேட்பார்கள். ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை இவைதான்: முழு மெனுவா, குறுகிய மெனுவா? லாப்ஸ்டர், இறாலுக்கு மேல்கட்டணம் உண்டா? சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த விலையா? பில் ராண்டிலா டாலரிலா? டாலர் என்றால் வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். குழந்தைகளுக்கு என்ன விலை? ராயல் கரீபியனில் 5 வயதுவரை இலவசம், 6 முதல் 12 வரை குறைந்த கட்டணம். மற்ற கம்பெனிகள் அப்படியே செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம்.

கப்பலில் விலை கூடும் என்று ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை. பல கம்பெனிகளில் முன்பதிவு விலை குறைவுதான். எனவே அந்த ஒரு இரவை முன்பே வாங்குங்கள், ஆனால் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்றால் மட்டும். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்துவிட வேண்டும்; தாமதித்தால் கட்டணம் பிடிப்பார்கள். நேரம் மாலை 6.30 கேளுங்கள். சமையலறையில் நெரிசல் இருக்காது, இரவு நிகழ்ச்சியும் தவறாது. அந்த இரண்டு மணி நேரம் மகனையும் மகளையும் அம்மா பஃபேக்கு அழைத்துப் போகலாம், அல்லது குழந்தைகள் கிளப்பில் விடலாம்.

அம்மாவின் சாப்பாடுதான் இந்தப் பயணத்தில் நீங்கள் உண்மையாக மெனக்கெட வேண்டியது. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் நான்கு இரவும் பாஸ்தாவும் வறுத்த கத்தரிக்காயும் வரும். இப்போதே கம்பெனிக்கு எழுத்தில் "இந்திய சைவ உணவு" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். முட்டை வேண்டாம் என்றால் அதையும் தனியாக எழுதுங்கள், அவர்கள் கணக்கில் முட்டை சைவத்தில் அடங்கும். ஏறிய பிறகு பெரிய சாப்பாட்டு அறைக்குப் போய் ஹெட் வெயிட்டரை நேரில் பார்த்து மறுபடி சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு இரவும் எழுந்திருக்கும் முன் மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று பண்டத்தின் பெயரோடு சொல்லுங்கள்: பருப்பு, உருளைக்கிழங்கு பட்டாணிக் குழம்பு, பனீர், வெள்ளைச் சோறு. ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் செய்கிறார்கள். கப்பல் சமையலறைகளில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், காரம் கூட்டு என்றால் புரியும். பச்சை மிளகாயைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள். சீல் உடைக்காத ஊறுகாய் பாட்டிலைப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன; வீட்டில் செய்ததை எடுத்துப் போனால் துறைமுகச் சோதனையிலேயே பறிபோகலாம்.

பார்த்தால் சைவம்போலத் தெரிந்து ஏமாற்றுபவையும் உண்டு. பிரெஞ்சு வெங்காய சூப் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. இது உங்களுக்கும் கணவருக்கும்கூட ஆகாது. ஜப்பானிய மீசோ சூப்பில் மீன் சாறு. தாய்லாந்துக் குழம்புகளில் மீன் சாஸ். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மாதிரி ஒரு மீன். பார்மெசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் (பாலை உறையவைக்கும் பொருள்). உருளைக்கிழங்கு சிப்ஸ் பொரித்த எண்ணெயிலேயே கோழியும் பொரித்திருப்பார்கள். பஃபேயில் ஒரே கரண்டி நான்கு தட்டுக்கும் போகும். ஆகவே அம்மாவுக்கு இரவுச் சாப்பாடு பஃபேயைவிடப் பெரிய சாப்பாட்டு அறையில் மேலானது. நீங்கள் இருவரும் வெளியே போகும் அந்த ஒரு இரவுக்கு மட்டும், அவர் தட்டைச் சாப்பாட்டு அறையிலிருந்து பஃபேக்கு அனுப்ப முடியுமா என்று முந்தைய நாளே ஹெட் வெயிட்டரிடம் கேட்டு வையுங்கள். முடியாது என்றால் அம்மாவும் குழந்தைகளும் முதல் பந்தியில் வழக்கமான மேசையிலேயே உட்காரட்டும்.