ரெயூனியன் மலைக்கு கைடு இல்லாம போகலாமா? தாராளமா போகலாம் தம்பி

தம்பி, பாண்டிச்சேரில இருந்து குடும்பத்தோட இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சுத் தீவு ரெயூனியனுக்கு வந்து, தலைநகர் சேன்-தெனில செட்டில் ஆயிட்டீங்க, வீக்எண்ட் ஆனா மால், பீச்னு பிள்ளைங்களுக்கு சலிச்சுப் போச்சு, மலைப்பக்கம் போலாம்னா கைடு தலைக்கு இவ்ளோன்னு கேக்குறாங்க, நாமளே போக முடியுமா, பயமில்லையான்னு கேட்டிருக்கீங்க. முடியும். இங்க நடக்குறவங்க பெரும்பாலும் கைடு இல்லாமத்தான் நடக்குறாங்க. தீவு முழுக்க 900 கி.மீ.க்கு மேல நடைபாதை இருக்கு, பிரியுற இடத்துல பலகை வச்சு ஊர் பேரு, எவ்ளோ நேரம் ஆகும் எல்லாம் எழுதியிருப்பாங்க. வெள்ளை-சிவப்பு கோடு பாத்தா அது ஜி.ஆர் நீண்ட பாதை, அதே ரெண்டு கலர்ல பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகாதீங்கன்னு அர்த்தம். பலகைல போட்ட நேரத்தோட பிள்ளைங்களுக்காக பாதி நேரம் சேத்து வச்சுக்கங்க. கயிறு கட்டி அருவில இறங்குறது, லாவா குகைக்குள்ள போறது, இதுக்கு மட்டும் கைடு கட்டாயம் வேணும், அதுல காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

கைடு இருக்கறத விட எத்தன மணிக்கு கிளம்புறீங்கங்கறதுதான் இங்க முக்கியம். வெயில் ஏற ஏற கடல்ல இருந்து ஈரக்காத்து மலைச்சரிவுல மேல ஏறி மேகமாயிடும், பல நாள் ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மேல எதுவுமே தெரியாது. ஞாயித்துக்கிழமைதானேன்னு நிதானமா எந்திரிச்சு இட்லி சாப்பிட்டு பதினோரு மணிக்கு மைதோங்கற மலை வியூ பாயிண்ட்ல போய் நிக்குறவங்க பனிமூட்டத்தப் பாத்துட்டு, இங்க ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டுத் திரும்பிடுறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். நாலு நாலரைக்கு கிளம்புங்க, பிள்ளைங்க கார்லயே தூங்கட்டும்.

முதல் தடவைக்கு மைதோவே போங்க. கிட்டத்தட்ட 2200 மீட்டர் உயரம், கார் மேல வரைக்கும் போகும், கொஞ்ச தூரம் நடந்தா போதும், கீழ மஃபாத் பள்ளத்தாக்கு முழுசா விரிஞ்சு கிடக்கும். பாத்துட்டு கீழ இறங்கி காட்டுக்குள்ள பிக்னிக் இடம் பாத்து உக்காருங்க. ஞாயித்துக்கிழமை இந்த ஊர்க்காரங்க பெரிய அலுமினியச் சட்டி, அரிசி, விறகு எல்லாம் எடுத்துட்டு வந்து அங்கயே கறி சமைப்பாங்க, பக்கத்துல உக்காந்தா உங்க பிள்ளைங்களுக்கும் ஒரு தட்டு வந்துடும். அவங்கள்ல தமிழ் வம்சாவளிக்காரங்க பேரு ராமசாமி, வீராசாமின்னு இருக்கும், தமிழ் பேச வராது, பிரெஞ்சுல இருந்து வந்த கிரியோல் மொழிதான், ஆனா தீமிதிக்கு விரதம் இருக்கறதப் பத்திக் கேட்டுப் பாருங்க, நம்ம ஊர்ல கூட அவ்ளோ கட்டுப்பாடா இருக்குறவங்க குறைவு. நெருப்பு மட்டும் அதுக்குன்னு கட்டியிருக்கற அடுப்புலதான் மூட்டணும், 2010லயும் 2011லயும் மைதோ காடு பெரிய அளவுல எரிஞ்சு போச்சு, காஞ்ச மாசங்கள்ல மொத்தமா தடையும் போடுவாங்க.

அடுத்தது மஃபாத். உள்ள ரோடே கிடையாது, ஜனங்க நடந்துதான் போகணும், சாமான் ஹெலிகாப்டர்ல வரும். சலாஸி ஊர் வழியா மேல போய் கோல் தே பெஃப் கணவாய்ல காவல் இருக்கற பார்க்கிங்ல காசு கட்டி கார விடுங்க, சீட்டுல எதுவும் தெரியற மாதிரி வைக்காதீங்க. அங்கருந்து லா நூவெல் கிராமத்துக்கு ரெண்டு மணி நேர இறக்கம், நடுவுல தமரின் மரக்காடு வரும் (நம்ம புளியமரம் இல்ல, ஒரு வகை அக்கேசியா), பாசி தொங்குற வளைஞ்ச மரங்களும் மாடுங்களுமா இருக்கும், உங்க பிள்ளைங்களுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்னு நினைக்கிறேன். போயிட்டு அன்னைக்கே வந்துடலாம், ஆனா ஜீத்னு சொல்ற மலை விடுதில ஒரு ராத்திரி தங்குங்கன்னுதான் சொல்லுவேன், முன்னாடியே புக் பண்ணணும், ராத்திரி எல்லாரும் ஒரே மேசைல உக்காந்து சோறு, அவரைப்பயறு, கறின்னு சாப்பிடலாம், விடியக்காலைல மலை முழுசும் மேகமில்லாம இருக்கும். திரும்பி ஏறுறதுதான் கஷ்டம், ஏழு மணிக்கே கிளம்பிடுங்க. கையில ரொக்கமா கொஞ்சம் யூரோ வச்சுக்கங்க.

எரிமலைக்கு பா தெ பெல்கோம்ப்ங்கற மலை விளிம்பு வரைக்கும் கார் போகும், படிக்கட்டுல இறங்கி ஃபோர்மிக்கா லியோங்கற குட்டி சிவப்புக் கூம்பு வரைக்கும் போயிட்டு வந்தா சின்னப் பிள்ளைங்களுக்குப் போதும். மேல எரிமலை வாய்ப் பள்ளம் வரைக்கும் போயிட்டு வர பெரியவங்களுக்கே அஞ்சாறு மணி நேரம், நிழலும் கிடையாது தண்ணியும் கிடையாது, லாவா மேல வெள்ளை பெயிண்ட் அடையாளம்தான் வழி, மூடுபனி வந்தா அடுத்த அடையாளம் தெரியற வரைக்கும் நகராதீங்க. வெடிக்கற அறிகுறி இருந்தா கீழ இறங்குற கேட்ட மூடிடுவாங்க, யார் தாண்டிப் போனாலும் நீங்க போகாதீங்க.

மழை விஷயத்துல நான் கண்டிப்பா பேசுவேன். எரிமலைப் பக்கம் ஃபோக்-ஃபோக்ல 1966 ஜனவரில ஒரே நாள்ல 1825 மி.மீ பெஞ்சிருக்கு, உலக ரெக்கார்ட், பாண்டிச்சேரில ஒரு வருசத்துக்குப் பெய்யறத விட அதிகம். அதனால நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வானிலை பாக்காம கிளம்பாதீங்க, ஆத்துத் தண்ணி ரோடு மேல ஓடுச்சுன்னா கார இறக்காதீங்க. வனத்துறை ஓ.என்.எஃப் மூடின பாதைங்க லிஸ்ட் போடுவாங்க, முந்தின ராத்திரியே பாத்துடுங்க, மண் சரிஞ்சு மூடின பாதைல புதுசா வந்தவங்க போய் மாட்டிக்கறாங்க. போன் சிக்னல் பல இடத்துல கிடைக்காது, மேப்ப இறக்கி வச்சுக்கங்க, எங்க போறோம்னு வீட்டுல யாருக்காவது சொல்லிட்டுப் போங்க, ஆபத்துன்னா 112. ஜூலை ஆகஸ்ட்ல மேல விடியக்காலைல உறைபனியே இருக்கும், ஸ்வெட்டர், மழைக்கோட்டு ரெண்டுமே பையில இருக்கணும்.

தீவுலயே உயரமான மலை பித்தோன் தெ நேஜ் கேட்டிருந்தீங்க, 3070 மீட்டர், அதுக்கு பிள்ளைங்க இன்னும் கொஞ்சம் வளரட்டும். சிலாவோஸ் ஊர்ல இருந்து ஏறி, வழில இருக்கற ரெஃப்யூஜ்ங்கற மலைத் தங்குமிடத்துல படுத்து, நடு ராத்திரி தாண்டி தலைல லைட் கட்டிக்கிட்டு உச்சிக்கு ஏறி சூரியோதயம் பாக்கணும். ரெஃப்யூஜ்ல இடம் ரொம்ப முன்னாடியே நிரம்பிடும், தேதி முடிவானதும் முதல்ல அதப் புக் பண்ணிட்டு அப்புறமா ஆபீஸ்ல லீவு கேளுங்க.